மேசையில் அட்டையும் மணியும் போதும்: வாசகர் கேள்வி பதில்

பள்ளிக் கண்காட்சிக் காலம் நெருங்குகிறது. கணினி அறிவியலைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு விளங்க வைக்கும் மாணவர் செயல்திட்டங்கள் பற்றி, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

*

வணக்கம். என் ஆண்டு 5 மாணவர்கள் ‘கணினி எப்படி வேலை செய்கிறது?’ என்று மணிலா அட்டையில் எழுதி, படம் ஒட்டிக் கண்காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது நின்று படிப்பார்களா என்று எனக்கே சந்தேகம். பள்ளிக் கணினிகளை மண்டபத்துக்குக் கொண்டுவர முடியாது. வேறு என்ன செய்யலாம்?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

உங்கள் சந்தேகம் நியாயமானது, டீச்சர். அந்த ஒரு தலைப்புக்குள் இருபது செயல்திட்டங்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் எடுங்கள். மேசைக்கு வருகிறவர் கை வைத்துச் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். செய்வதற்கு முன் ‘என்ன ஆகும்?’ என்று அவர் ஊகிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அந்தச் செயல் எந்த இடத்தில் தோற்கும் என்பதையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலான செயல்திட்டங்கள் விட்டுவிடுகின்றன. தோற்கும் இடத்தைக் காட்டாதவரை பார்ப்பவருக்கு அது வெறும் வித்தை. காட்டிய பிறகுதான் உள்ளே ஒரு விதி ஓடுகிறது என்று பிடிபடும்.

உங்கள் வகுப்புக்கு அட்டை திருப்பும் விளையாட்டைச் சொல்வோம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ‘சிஎஸ் அன்பிளக்டு’ என்னும் கணினியில்லாப் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் மஞ்சள் உள்ள 36 சதுர அட்டைகள் வேண்டும். பக்கத்துக்கு 6 சென்டிமீட்டர் போதும். தடித்த அட்டையாகப் பாருங்கள். மண்டபத்து மின்விசிறிக் காற்றில் மெல்லிய அட்டை தானாகவே புரண்டால் விளையாட்டு அத்தோடு கெட்டது.

வந்தவரிடம் 25 அட்டைகளைக் கொடுத்து, 5க்கு 5 கட்டமாக விருப்பப்படி வைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் மாணவர், “இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்” என்று சொல்லி படுக்கையாக ஆறாவது வரிசையையும் செங்குத்தாக ஆறாவது நிரலையும் தாம் வைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் மஞ்சளின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகும்படி அந்த அட்டைகள் அமைய வேண்டும். மஞ்சளே இல்லாத வரிசையும் இரட்டைப்படைதான், ஏனென்றால் 0 இரட்டை எண். மாணவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். முதல் நாளே சொல்லிப் பழக்குங்கள். மூலையில் கடைசியாக வரும் 36ஆவது அட்டையை வரிசைப்படி பார்த்து வைத்தாலும் நிரல்படி பார்த்து வைத்தாலும் ஒரே நிறம்தான் வரும். இரண்டும் முரண்பட்டால் முன்னால் எங்கோ எண்ணியது பிசகு.

இப்போது மாணவர் திரும்பி நிற்கட்டும். வந்தவர் ஏதேனும் ஓர் அட்டையைப் புரட்டட்டும். மாணவர் வந்து, ஒற்றைப்படையான வரிசையையும் ஒற்றைப்படையான நிரலையும் தேடினால், இரண்டும் சந்திக்கும் அட்டைதான் புரட்டப்பட்டது. தகவலில் நுழைந்த பிழையைக் கணினி கண்டுபிடிக்கும் ஒரு முறை இது. இதுவரை வித்தை. இனித்தான் பாடம்.

அதே வரிசையில் இரண்டு அட்டைகளைப் புரட்டச் சொல்லுங்கள். அந்த வரிசை இரட்டைப்படையாகவே நிற்கும், இரண்டு நிரல்கள் மட்டும் ஒற்றைப்படையாகும். தவறு நடந்தது தெரிகிறது, எந்த வரிசையில் என்று தெரியவில்லை. அடுத்து, ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள அட்டைகளைப் புரட்டுங்கள். விதி நான்காவது மூலையைக் காட்டும், யாரும் தொடாத அட்டையை! நான்கு மூலைகளையும் புரட்டினால் எல்லாமே சரி என்று சொல்லும். ஒரு பிழையைத் திருத்த வந்த முறை, பிழைகள் கூடும்போது அடித்துச் சொல்லித் தப்பான பதிலைத் தருகிறது என்பதை ஆண்டு 5 பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொள்வார்கள்.

மேசையின் மறுபாதியில் மளிகைக் கடைப் பொருள்கள் நாலைந்து வையுங்கள்: மைலோ டின், மீ பாக்கெட், சவர்க்காரம். பட்டைக்கோட்டின் அடியில் 13 எண்கள் இருக்கும். பலவற்றில் முதல் மூன்று எண் 955. அந்த எண்ணை மலேசியாவில் பதிவு செய்து வாங்கினார்கள் என்பதுதான் அதன் பொருள். பொருள் இங்கேயே தயாரானது என்பதற்கு அது சான்று ஆகாது. இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் உண்டு. கடைசி எண்ணின் வேலை சரிபார்ப்பு. 955123456789 என்று ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். 1, 3, 5, 7, 9, 11ஆம் இடத்து எண்களைக் கூட்டினால் 34. 2, 4, 6, 8, 10, 12ஆம் இடத்தைக் கூட்டினால் 30. அதை 3ஆல் பெருக்கினால் 90. மொத்தம் 124. அடுத்த பத்தின் மடங்கு 130. வித்தியாசம் 6, அதுதான் பதின்மூன்றாவது எண்.

வந்தவர் ஒரு பொருளின் கடைசி எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு மற்ற 12ஐயும் வாசிக்கட்டும், மாணவர் கணக்குப் போட்டு மறைத்த எண்ணைச் சொல்லட்டும். இதற்கும் தோற்கும் இடம் உண்டு. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டு இடம் மாறினால் பெரும்பாலும் பிடிபடும். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் 5 என்றால் பிடிபடாது. 1ம் 6ம், 2ம் 7ம், 3ம் 8ம் அப்படித்தான். இடம் மாறும்போது மொத்தம் சரியாக 10 கூடும் அல்லது குறையும், அதனால் கடைசி எண் மாறாது. மேலே உள்ள எண்ணில் 6, 7ஐ மாற்றிப் போட்டால் கணக்கு உடைவதைக் காட்டுங்கள். பிறகு 1ம் 6ம் அடுத்தடுத்து வரும் ஒரு பொருளைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்.

*

எங்கள் பள்ளியில் 40 பேர் சேர்ந்து செய்யும்படி ஒரு செயல்திட்டம் வேண்டும். மேசையில் நாலு பேர் நிற்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதாக இருக்கக் கூடாது.
(பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்)

அப்படியானால் தரையில் ஒரு வரிசைப்படுத்தும் வலையைப் போடுங்கள். பிள்ளைகள் அதற்குள் நடப்பார்கள். மறுமுனையில் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை தானாக வரிசையாகி நிற்பார்கள். நாலு பேர் நடக்கும் வலைக்குப் பூப்பந்துத் திடலில் பாதி, அதாவது 6.7 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும், தாராளம். வெளியில் சாக்பீசால் போட்டால் மாலை மழையில் போய்விடும். மண்டபத்துத் தரையில் காகித ஒட்டுநாடாவால் போடுங்கள். சிவப்பும் நீலமும் என்று இரண்டு நிறம் அவசியம்.

மொத்தம் 13 வட்டங்கள். தொடக்கக் கோட்டில் 4. அடுத்த கட்டத்தில் அ, ஆ என்று 2. அதற்கு அடுத்து இ, ஈ என்று 2. பிறகு நடுவில் உ என்று 1. முடிவில் 4. தொடக்கத்தின் முதல் இருவர் ‘அ’வுக்கும் மற்ற இருவர் ‘ஆ’வுக்கும் போகிறார்கள். வட்டத்தில் சந்திக்கும் இருவர் கையில் உள்ள எண்களை ஒப்பிடுவார்கள்: சிறியவர் சிவப்புக் கோட்டில், பெரியவர் நீலக் கோட்டில் போக வேண்டும். அ, ஆ இரண்டிலிருந்தும் சிவப்பு ‘இ’வுக்கும் நீலம் ‘ஈ’க்கும் போகும். ‘இ’யின் சிவப்பு முடிவு 1க்கு, நீலம் ‘உ’வுக்கு. ‘ஈ’யின் சிவப்பு ‘உ’வுக்கு, நீலம் முடிவு 4க்கு. ‘உ’வின் சிவப்பு முடிவு 2, நீலம் முடிவு 3. அவ்வளவுதான்.

‘இடது, வலது’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு இடது வேறு வேறு, அங்கேதான் முதல் மோதல் வரும். நிறத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, வட்டத்துக்கு முதலில் வந்தவர் இணைக்காகக் காத்திருக்காமல் போய்விடுவார். ஒரு வட்டத்தில் இரண்டு கால் ஜோடி சேர்ந்த பிறகே நகரலாம் என்பதை விளையாட்டின் விதியாகவே வையுங்கள்.

இங்கே ஒப்பீடுகள் 5. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வட்டங்களில் நடப்பதால் படிகள் 3 மட்டும். ஆறு பேருக்கு மிகச் சிறந்த வலையில் 12 ஒப்பீடுகள், 5 படிகள். ஒருவரே ஆறு பேரையும் அக்கம்பக்கமாக ஒப்பிட்டுக் குமிழி முறையில் வரிசைப்படுத்தினால் அதிகபட்சம் 15 ஒப்பீடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. பல வேலைகளைக் கணினி ஒரே நேரத்தில் செய்தால் ஏன் வேகம் கூடுகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேட வேண்டாம்.

தோற்கும் இடம்: ‘உ’ வட்டத்தை எடுத்துவிட்டு, ‘இ’யின் நீலத்தை முடிவு 3க்கும் ‘ஈ’யின் சிவப்பை முடிவு 2க்கும் இழுத்துவிடுங்கள். இதனால் 1, 2, 3, 4 என்று நுழைந்தவர்கள் 1, 3, 2, 4 என்று வெளிவருவதைக் காட்டலாமா? நாடாவைக் கழற்றும் முன் வகுப்பையே தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1ம் 2ம் ‘அ’வில் சந்திக்கிறார்கள், 3ம் 4ம் ‘ஆ’வில். ‘இ’க்கு வருவது 1ம் 3ம், ‘ஈ’க்கு வருவது 2ம் 4ம். முடிவில் 1, 2, 3, 4 சரியாகவே வந்துவிடும்! 4, 1, 3, 2 என்று நுழைந்தால்தான் 1, 3, 2, 4 ஆகிறது. சில உள்ளீடுகளில் சரியாக வந்ததை வைத்து வலை சரி என்று முடிவு கட்ட முடியாது. நாலு பேருக்கு 24 வரிசைகள் உண்டு. அத்தனையும் நடக்க வேண்டியதில்லை. எண்ணுக்குப் பதில் 0, 1 மட்டும் எழுதிய அட்டைகளைக் கொடுத்து 16 விதமாகவும் நடத்துங்கள்; பதினாறும் சரியாக வந்தால் எந்த எண்ணுக்கும் வலை சரி. ஆறு பேர் என்றால் 720க்குப் பதில் 64. நாற்பது பேருக்கும் வேலை இங்கே கிடைக்கும்: நாலு பேர் நடக்க, ஒரு குழு விடையைக் குறிக்க, ஒரு குழு அடுத்த உள்ளீட்டைத் தயார்செய்ய, மாறி மாறி ஓட்டலாம்.

*

ஐயா, நான் படிவம் 2 மாணவன். 0, 1 மட்டும் உள்ள இரும எண்ணில் 1 + 1 = 10 (அதாவது 2) என்பதை விளக்கு எரியவிட்டுக் காட்ட ஆசை. இரண்டு சுவிட்ச், இரண்டு எல்இடி வைத்துச் செய்தேன். கூட்டல் விளக்கு சரியாக எரிகிறது. மிகுதி விளக்கு (அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணுக்கு உரியது) மட்டும் 0 + 0க்கு எரிகிறது, 1 + 1க்கு எரிவதில்லை. எங்கே தவறு?
(மாணவன், சுங்கை சிப்புட்)

தம்பி, உங்கள் வயரிங் அநேகமாகச் சரி. சுவிட்ச்தான் தலைகீழ்.

நீங்கள் பயன்படுத்தியது நெம்புகோல் உள்ள டோகிள் சுவிட்ச் என்றால், நெம்பை மேலே தள்ளும்போது உள்ளே நடுக்கால் கீழ்க்காலுடன் சேரும். நெம்பின் அச்சு நடுவில் இருப்பதால் வெளிமுனை மேலே போக உள்முனை கீழே போகிறது. நீங்கள் ‘மேலே = 1’ என்று எண்ணி மேல்காலில் கம்பி சேர்த்திருப்பீர்கள். ஆகவே இரண்டு சுவிட்சும் உண்மையில் 0க்கு 1, 1க்கு 0 என்று வேலை செய்கின்றன. கூட்டல் விளக்கு இதைக் காட்டிக்கொடுக்காது. அது இரண்டும் வேறு வேறாக இருந்தால் எரியும் விளக்கு. இரண்டையும் தலைகீழாக்கினாலும் வேறு வேறு என்பது மாறாது. மிகுதி விளக்கு இரண்டும் 1ஆக இருந்தால்தான் எரிய வேண்டும், அதனால் அதில் பிசகு வெளியே வந்துவிட்டது. இரண்டு சுவிட்சையும் 180 பாகை திருப்பிப் பொருத்துங்கள், தீர்ந்தது. தள்ளும் ஸ்லைடு சுவிட்ச் என்றால் இந்தத் தொல்லை இல்லை, தள்ளிய பக்கத்துக் காலுடனேயே சேரும்.

இதைச் செய்யப்போகிற மற்ற மாணவர்களுக்காக முழு அமைப்பையும் சொல்லிவிடுகிறோம். ஆறு கால் உள்ள இருமுனை இருவழி ஸ்லைடு சுவிட்ச் 2, சிவப்பு எல்இடி 2, 100 ஓம் மின்தடை 2, இரண்டு ஏஏ பேட்டரி போடும் கூடு 1, கம்பி. பேட்டரி 3 வோல்ட். சிவப்பு எல்இடியில் ஏறக்குறைய 2 வோல்ட் போய்விடும். மீதி 1 வோல்ட்டுக்கு 100 ஓம் போட்டால் 10 மில்லிஆம்பியர் ஓடும், கண்ணுக்குப் போதுமான வெளிச்சம். வெள்ளையோ நீலமோ வேண்டாம். அவற்றுக்கே 3 வோல்ட் அளவு தேவை என்பதால் பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் மங்கிவிடும், பார்ப்பவருக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

சுவிட்சின் ஆறு கால்கள் மூன்று மூன்றாக இரண்டு பக்கம் இருக்கும். முதல் பக்கம் கூட்டலுக்கு. பேட்டரியின் நேர்முனையை முதல் சுவிட்சின் நடுக்காலில் சேருங்கள். முதல் சுவிட்சின் மேல்கால் இரண்டாவதின் கீழ்காலுக்கும், கீழ்கால் மேல்காலுக்கும் குறுக்காகப் போகட்டும். இரண்டாவதின் நடுக்காலிலிருந்து மின்தடை, எல்இடி வழியாக எதிர்முனை. கம்பியைக் குறுக்காகப் போடாமல் நேராகப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாக இருக்கும்போது எரியும், 0 + 0 = 1 என்று காட்டும். மாடிப்படியில் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வைத்து ஒரே விளக்கை ஏற்றி அணைக்கிறோமே, அதுவும் இதே இணைப்புதான். எக்ஸ்-ஆர் (இரண்டும் வேறு வேறு என்றால் மட்டும் 1) என்று பாடநூல் சொல்வதை அங்கே தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் பக்கம் மிகுதிக்கு. நேர்முனை முதல் சுவிட்சின் நடுக்காலுக்கு, அதன் மேல்கால் இரண்டாவதின் நடுக்காலுக்கு, அதன் மேல்கால் மின்தடைக்கும் எல்இடிக்கும். இது ஆண்ட் இணைப்பு, இரண்டும் 1 என்றால் மட்டும் 1. மிகுதி விளக்கை இடப்பக்கமும் கூட்டல் விளக்கை வலப்பக்கமும் வையுங்கள், அப்போதுதான் 1 + 1க்கு விளக்குகள் ‘10’ என்று வாசிக்கும். இடம் மாற்றி வைத்தால் எல்லாம் சரியாக இருந்தும் 01 என்று காட்டும்.

*

தமிழ் எழுத்தைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை ஆண்டு 4 பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கைவேலை சொல்லுங்களேன். ஆங்கில எழுத்துக்கு நிறையப் பயிற்சி இருக்கிறது, தமிழுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
(ஆசிரியை, சுங்கை சிப்புட்)

மணி கோத்துப் பெயர்க் காப்பு செய்யச் சொல்லுங்கள், டீச்சர். தமிழுக்கு யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுப் பட்டியல்) 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் உரிய எண்ணிலிருந்து 2944ஐக் கழித்துவிட்டால் 0 முதல் 127க்குள் ஓர் எண் கிடைக்கும், அதை எழுத ஏழு மணி போதும். வெள்ளை மணி 0, கறுப்பு மணி 1. இடமிருந்து வலமாக மணிகளின் மதிப்பு 64, 32, 16, 8, 4, 2, 1.

கலா என்ற பெயரைப் பாருங்கள். க 21, ல 50, துணைக்கால் 62. 21 என்றால் 16 + 4 + 1: வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. 50 என்றால் 32 + 16 + 2. 62 என்றால் 32 + 16 + 8 + 4 + 2. மொத்தம் 21 மணிகள். குறிகளுக்கு இடையில் சிவப்பு மணி ஒன்று போட்டால் பிரித்து வாசிக்க எளிது.

காப்பு வட்டமாக இருப்பதால் எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. இதை முதலில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் காப்பை இன்னொரு பிள்ளை வாசித்துத் திணறட்டும். திருப்பி வாசித்தால் 21 என்பது 84 ஆகிவிடும், 50 என்பது 38 ஆகிவிடும். அந்த இரண்டு இடத்திலும் தமிழில் எழுத்தே இல்லை. துணைக்காலின் 62 மட்டும் எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் 62தான். பிறகு தொடக்கத்துக்கு ஒரு பெரிய மணி, அதற்கு அடுத்து ஒரு பச்சை மணி என்று போட்டுத் திசையைக் குறிக்கலாம். ஒரு செய்தி எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கணினிகளும் இப்படி முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கின்றன.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் ‘அம்மா’வை எடுங்கள். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறி: அ 5, ம 46, புள்ளி 77, மறுபடி ம 46, துணைக்கால் 62. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (ஒரு பைட் என்பது எட்டு 0, 1 இடங்கள்), ஆக ‘அம்மா’வுக்கு 15 பைட். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழில் 70 குறி மட்டும் போவதைப் பெற்றோர் பலர் அனுபவித்திருப்பார்கள். அங்கே புள்ளியும் துணைக்காலும் தனித்தனியே இடம் பிடிக்கின்றன.

ஒற்றைக்கொம்பு வரும் பெயரில் பிள்ளைகள் தவறு செய்வார்கள். ‘செல்வி’யில் கொம்பைத்தான் முதலில் எழுதுகிறோம், ஆகவே கொம்பின் மணியை முதலில் கோப்பார்கள். யூனிகோடில் மெய்யின் குறிதான் முன்னால், கொம்பு பின்னால். ‘கொ’வில் இன்னொரு நுட்பம்: க-வுக்குப் பின் 74 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், 70, 62 என்று கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், மணியில் வேறு. தேடுகிற மென்பொருள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளத் தெரியாததாக இருந்தால், கண்முன் இருக்கும் சொல்லையே ‘இல்லை’ என்று சொல்லும். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர் என்பதை இந்த மேசையில் ஓர் அட்டையில் எழுதி வைத்தால் பிள்ளைகள் பெருமையோடு காட்டுவார்கள்.

*

கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் என் மகள் எட்டு இதழ்க் கோலம் போட்டிருக்கிறாள். வரைந்து முடிக்க ஒரு நிமிடம் ஆகிறது, பார்க்கிறவர்கள் போய்விடுவார்கள் போலிருக்கிறது. பெரிதாக்கினால் கோலமே சிதைகிறது.
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பலர் எழுதும் முறைப்படி உங்கள் மகளும் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம், அம்மா: 2 அடி நகர், 1 பாகை திரும்பு, இதை 90 தடவை, பிறகு 90 பாகை திரும்பு, மறுபடி அந்த 90 தடவை, மறுபடி 90 பாகை. இது ஓர் இதழ். 45 பாகை திரும்பி மொத்தம் எட்டு இதழ். சுழற்சி 1440 முறை ஓடுகிறது. ஸ்கிராட்ச் ஒவ்வொரு சுற்றுக்கும் திரையைப் புதுப்பிக்கிறது, விநாடிக்கு ஏறக்குறைய 30 தடவை. 1440ஐ 30ஆல் வகுத்தால் 48 விநாடி. கணினி பழசு என்பதால் அல்ல. இதழைத் தனிக் கட்டளையாக, ‘மை பிளாக்ஸ்’ பகுதியில் செய்து, ‘திரையைப் புதுப்பிக்காமல் ஓடு’ என்ற பெட்டியில் குறியிடச் சொல்லுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பச்சைக் கொடியைத் தட்டி டர்போ முறைக்கு மாற்றிவிட்டு, மறுபடி கொடியைத் தட்டினாலும் வேகமாக ஓடும். மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை என்று இரண்டையும் காட்டுவது இன்னும் நல்லது.

சிதைவதற்குக் காரணம் மேடையின், அதாவது கோலம் வரையப்படும் சட்டத்தின், அளவு. அகலம் 480, உயரம் 360. நடுவிலிருந்து மேலே 180தான். 2 அடி வைத்தால் இதழின் நீளம் 162, உள்ளே அடங்கும். 3 ஆக்கினால் 243. விளிம்பைத் தாண்டிப் போக உருவத்தை ஸ்கிராட்ச் விடாது, அங்கேயே பிடித்துவைக்கும்; ஆகவே கோடு திரும்பி வர வேண்டிய இடத்துக்கு வராது. பேனாவைக் கீழே வைக்கும் கட்டளையையும் பாருங்கள், நடுப்புள்ளிக்குப் போன பிறகே அது வர வேண்டும்.

கோலம் கணினி அறிவியலுக்கு அந்நியம் இல்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதி 1974இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். மகளின் மேசையில் அரிசி மாவுக் கோலம் ஒன்றும் இருக்கட்டும்.

*

மைக்ரோபிட் என்னும் சிறு கணினிப் பலகையைக் கணினியில் செருகினால் விளக்கு எரிகிறது, டிரைவ் மட்டும் வருவதில்லை. பழுதா?
(படிவம் 3 மாணவி)

கேபிளை மாற்றிப் பாருங்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிளில் மின்சாரக் கம்பி உண்டு, தகவல் கம்பி இல்லை. தகவல் போகும் கேபிளில் ஒரு சிவப்பு நாடா கட்டி வைத்துக்கொள்ளுங்கள், கண்காட்சி அன்று தேட வேண்டியிருக்காது.

*

தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றை வைத்து ‘அல்காரிதம்’ (ஒரு வேலையைப் படிப்படியாக முடிக்கும் விதிமுறை) சொல்லிக்கொடுக்க வேண்டும்.
(இளைஞர் மன்றச் செயலாளர், சுங்கை சிப்புட் அருகே)

தண்ணீர்க் குழாய். பெரிய அட்டையில் கோயில், பள்ளி, மருந்தகம், லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), கடை, ஆலை என்று ஆறு இடம் வரையுங்கள். இடையில் போடக்கூடிய குழாய்களின் நீளத்தைத் தீக்குச்சிகளால் அடுக்குங்கள்: கோயில்–பள்ளி 2, லயம்–கடை 2, பள்ளி–மருந்தகம் 3, மருந்தகம்–லயம் 3, கோயில்–மருந்தகம் 4, மருந்தகம்–கடை 4, பள்ளி–லயம் 5, லயம்–ஆலை 5, கடை–ஆலை 6. மொத்தம் 34 குச்சி. எல்லா இடத்துக்கும் தண்ணீர் போக வேண்டும், குச்சி மிகக் குறைவாக இருக்க வேண்டும். விதி ஒன்றுதான்: இருப்பதில் சிறியதை எடு, அது ஏற்கெனவே இணைந்த இடங்களைச் சுற்றி வளைத்தால் விட்டுவிடு. 2, 2, 3, 3, பிறகு 4, 4 இரண்டும் வளையம், பள்ளி–லயம் 5ம் வளையம், லயம்–ஆலை 5 சரி. ஐந்து குழாய், 15 குச்சி.

இதே வகைக் கணக்கை மொராவியாவில் மின்கம்பி இழுப்பதற்காக ஒட்டகார் பொரூவ்கா 1926இல் தீர்த்தார். பிள்ளைகள் இதைக் குறுகிய வழியோடு குழப்புவார்கள். கோயிலிலிருந்து மருந்தகத்துக்கு நேர்க் குழாய் 4, ஆனால் நாம் போட்ட வலையில் பள்ளியைச் சுற்றி 5 போக வேண்டும். மொத்தச் செலவு குறைவது வேறு, ஒருவர் நடக்கும் தூரம் குறைவது வேறு. இரண்டு நிறக் குச்சியால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

*

என் பேரன் தமிழில் விளக்கிப் பழகியிருக்கிறான். அடுத்த ஆண்டு படிவம் 1 போனால் மலாயில் படிக்க வேண்டுமே. இப்போது தமிழில் செய்வது வீணாகிவிடாதா?
(ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்)

வீணாகாது, அம்மா. இரும எண் என்று மணிக் காப்பில் கோப்பதைத்தான் மலாயில் ‘நொம்போர் பெர்டுவாஆன்’ என்று சொல்கிறார்கள். கருத்து கையில் இருந்தால் சொல்லை ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு மேசையிலும் சிறிய அட்டை ஒன்றில் முக்கியமான ஐந்து சொற்களை மட்டும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: எண், இருமம், பிழை, வரிசை, கட்டளை. வீட்டில் முதலில் உங்களிடம், மேலே சொன்ன அட்டை திருப்பும் விளையாட்டை மூன்று நிமிடத்தில் விளக்கட்டும். நீங்கள் ஓர் அட்டையைப் புரட்டிவிட்டு, “எதை என்று கண்டுபிடி” என்று கேளுங்கள். பிறகு யாருக்கும் சொல்லாமல் இரண்டைப் புரட்டிவிடுங்கள்.